மண்சுவரை வழிக்கும் முன் அந்தத் துளையைப் பாருங்கள்

பூர்த்தோ ரீக்கோவின் மலைச்சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும் மண்வாரி ஓட்டுநர்களுக்கும்,

வணக்கம்.

சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் செங்குத்தாக நிற்கும் மண்சுவர்களில் சான் பெத்ரீத்தோ என்னும் சிறு பறவை கூடு குடைகிறது. பச்சை முதுகு, சிவப்புத் தொண்டை, மஞ்சள் விலா; எடை ஐந்தாறு கிராம்தான். உங்கள் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. அறிவியல் பெயரில் மெக்சிகோ ஒட்டிக்கொண்டிருப்பது 19ஆம் நூற்றாண்டில் நேர்ந்த பிழை.

அலகால் மண்ணைக் கொத்தி, காலால் பின்னுக்குத் தள்ளி, ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்கு வளை தோண்டுகிறது. வளை உள்ளே ஒரு பக்கமாகத் திரும்பி சிறு அறையில் முடியும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் முட்டை கண்ணில் படாது. வெறும் துளை என்று நினைத்து மண்வாரியின் வாளியை இறக்குவது இதனால்தான். வளையின் வாய் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். பாசியும் பெரணியும் மறைத்திருந்தால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது.

ஆகவே வேலைக்கு முன் ஒருவர் இறங்கி, சுவரை ஒட்டி நடந்து பார்க்க வேண்டும். துளைக்குக் கீழே புதுமண் சரிந்து கிடந்தால் அங்கே தோண்டல் நடக்கிறது. சந்தேகமிருந்தால் பத்து மீட்டர் தள்ளி நின்று அரைமணி நேரம் கவனியுங்கள். குஞ்சு இருந்தால் பறவை பூச்சியோடு வந்துகொண்டே இருக்கும். நாளொன்றுக்கு 140 தடவை வரை இரையூட்டுவது பதிவாகியிருக்கிறது. அந்த ஓரங்களில் பூச்சிமருந்து தெளித்தால் கூடு தப்பினாலும் குஞ்சு பட்டினிதான்.

அடைகாக்க மூன்று வாரம், குஞ்சு வெளியேற இன்னும் ஏறக்குறைய மூன்று வாரம். மார்ச் முதல் ஜூலை வரை மண்சுவரை வழிக்கும் வேலையைத் தள்ளிவையுங்கள். மழையில் சரிவு விழுந்தால் சாலையில் கிடக்கும் மண்ணை மட்டும் அள்ளுங்கள். நிற்கும் சுவரைச் சீவிச் சமப்படுத்தத் தேவையில்லை.

கான்கிரீட் பூச்சு பற்றியும் சொல்ல வேண்டும். வழித்த சுவரில் பறவை மறுபடியும் தோண்டும், பூசிய சுவரில் முடியாது. மண் உண்மையில் நழுவும் பகுதிக்கு மட்டும் பூசுங்கள். மற்ற இடங்களில் சுவரின் தலைமாட்டில் ஒரு வடிகால் வெட்டி, மழைநீரை ஓரமாகத் திருப்பிவிட்டால் அரிப்பு குறையும். அடுத்த ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் எழுத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.