ஒபாமாவிலிருந்து டிரம்புக்கு: ஒரு கவுண்டியின் கதை

அன்புள்ள சிவராமன்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு உடம்பு தேறிவருகிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே மினசோட்டாவின் ராச்செஸ்டரில் எல்லோரும் நலம். சின்னவளுக்கு மினியாபொலிஸில் வேலை கிடைத்துவிட்டது.

ஒபாமாவுக்கு இரண்டு தடவை ஓட்டுப் போட்ட கிராமத்து ஜனங்கள் டிரம்ப் பக்கம் எப்படிப் போனார்கள் என்று கேட்டிருந்தாய். ஒரே ஒரு கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) வைத்துச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து தெற்கே காரில் போனால், அயோவா எல்லையைத் தாண்டியதும் வருவது ஹோவர்ட் கவுண்டி. தலைமையூர் கிரெஸ்கோ. மொத்த ஜனத்தொகை பத்தாயிரம்கூட இல்லை. மக்காச்சோளம், சோயா, மாடு, பன்றி, அப்புறம் டிரெய்லர் செய்யும் தொழிற்சாலை என்று பிழைப்பு ஓடுகிறது. வேளாண்மைத் துறையில் காலம் தள்ளிய உனக்கு இந்த மண் அந்நியமில்லை. பசுமைப் புரட்சி விஞ்ஞானி நார்மன் போர்லாக் வளர்ந்த பண்ணையும் படித்த கிரெஸ்கோ பள்ளிக்கூடமும் இங்கேதான். உங்கள் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் கோதுமைக்காக இந்தியாவுக்கு வரவழைத்தாரே, அதே போர்லாக்.

நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் கவுண்டிகள் இருக்கின்றன. 2012இல் ஒபாமாவுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம் கொடுத்து, 2016இல் டிரம்புக்கும் 20 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம் கொடுத்த கவுண்டி இது ஒன்றுதான். இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், அயோவாவின் 99 கவுண்டிகளில் 31 இப்படித்தான் மாறின. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எண்பதுகளுக்குப் போக வேண்டும். எழுபதுகளில் தானியத்துக்கு நல்ல விலை. வேலி வரைக்கும் விதையுங்கள் என்று அரசாங்கமே உற்சாகப்படுத்தியது. நிலத்தை அடமானம் வைத்து இன்னும் நிலம் வாங்கினார்கள். 1980இல் ஜனாதிபதி கார்ட்டர் சோவியத்துக்குத் தானியம் போகக் கூடாது என்று தடை போட்டார். வட்டியும் தாறுமாறாக ஏறியது. 1981இல் ஏக்கர் சராசரியாக 2,147 டாலருக்கு விற்ற அயோவா நிலம், 1986இல் 787 டாலர். கடன் மட்டும் அப்படியே நின்றது. மூன்று தலைமுறை உழுத பண்ணையின் டிராக்டரும் கலப்பையும் முற்றத்தில் ஏலம் போகும். ஏலம் கேட்க வந்து நிற்பவர் பக்கத்துப் பண்ணைக்காரராக இருப்பார். அந்தக் கோபம் அப்போது வெள்ளை மாளிகையில் இருந்த ரீகனின் குடியரசுக் கட்சிமேல் திரும்பியது. 1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ் நாற்பது மாநிலங்களில் தோற்றார். ஆனால் அயோவாவில் பத்து சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஹோவர்ட் அன்றிலிருந்து 2012 வரை ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டது.

அதற்காக அதைக் கட்சிக் கோட்டை என்று நினைத்துவிடாதே. 1985 முதல் 2015 வரை அயோவாவின் இரண்டு செனட்டர்கள் யார் தெரியுமா? குடியரசுக் கட்சியின் கிராஸ்லியும், ஜனநாயகக் கட்சியின் ஹார்க்கினும். கொள்கையில் இருவரும் எதிரும் புதிரும். ஒரே மாநிலத்து ஜனங்கள் முப்பது வருஷம் இருவரையும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும் அந்தப் பழக்கம்தான் எனக்கு இந்த ஊர்க்காரர்கள்மேல் மரியாதை வரக் காரணம். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர் ஊராக நடக்கும் கூட்டத்துக்குக் காக்கஸ் என்று பெயர். 2020 வரை ஜனநாயகக் கட்சியின் காக்கஸில் ரகசிய வாக்கெடுப்பே கிடையாது. ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்து, தன் வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. பதினைந்து சதவீதம் தேறாத மூலைக்காரர்களை மற்றவர்கள் பேசித் தங்கள் பக்கம் இழுத்தார்கள். 2008இல் ஒபாமா அயோவாவில் ஜெயித்தது இப்படித்தான்.

இவர்களை இனவெறியர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்களாக இருக்கும் கவுண்டி, ஒபாமாவை அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்ததை அப்படிச் சொல்பவர்கள் விளக்க வேண்டும். அதற்காக இனவெறியே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தால் பிரித்துப் பாகுபாட்டை உணரவைத்தது, இந்தக் கவுண்டி எல்லையில் இருக்கும் ரைஸ்வில்லில்தான். ஊரில் பலருக்கு அவர்மேல் தீராத கோபம். என் கணிப்பு இது: 2008இல் மாற்றம் வேண்டும் என்று கேட்டவர்கள் 2016லும் அதையேதான் கேட்டார்கள். நம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற ஆதங்கத்தை ஒருவர் நம்பிக்கையாக மாற்றினார், இன்னொருவர் ஆத்திரமாக மாற்றினார்.

எனக்குக் கவலை 2016 இல்லை, அதற்கு அப்புறம் நடந்ததுதான். 2018இல் டிரம்ப் சீனப் பொருள்களுக்கு வரி போட, சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் வரி போட்டது. விலை விழுந்தது. அரசாங்கம் நிவாரணப் பணம் கொடுத்துச் சமாளித்தது. பழைய ஹோவர்டாக இருந்தால் 2020இல் கணக்குத் தீர்த்திருக்கும். ஆனால் டிரம்பின் வித்தியாசம் கூடத்தான் செய்தது. 2024லும் அதே கதை. ஜனநாயகக் கட்சியும் இங்கே மெனக்கெடுவதை விட்டுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. ஜெயிப்பது உறுதி என்று ஒரு கட்சியும், தோற்பது உறுதி என்று இன்னொரு கட்சியும் நினைத்துவிட்டால், பத்தாயிரம் பேர் இருக்கும் ஊரின் கதவை எவன் வந்து தட்டுவான்? இப்போது அயோவாவின் இரண்டு செனட்டர்களும் நான்கு கீழவை உறுப்பினர்களும் ஒரே கட்சி.

சரி, நீ ஒன்று செய். போர்லாக்கின் மெக்சிகோ கோதுமை வந்த அறுபதுகளில் உன் அப்பா துறையில் இருந்தார் அல்லவா, அவர் சொன்னதையெல்லாம் மறக்காமல் அடுத்த கடிதத்தில் எழுது. அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு