சுந்தரத்தின் முட்டியும் வெனிஸ் பாலங்களும்

பதுவா, இத்தாலி

அன்புள்ள ரங்கா,

உங்கள் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நேராகச் சண்டைக்கு வருகிறேன்: வெனிஸுக்கு ஒரே ஒரு பகலா? காலை பத்துக்கு இறங்கி மாலை ஐந்துக்கு ரயிலேறினால் சான் மார்க்கோ சதுக்கத்தில் ஜனங்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். கணேசன் போட்ட திட்டமாகத்தான் இருக்கும். அவனிடம் இதைச் சொல்: வசந்தகாலத்தில் நகராட்சி குறிப்பிடும் நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்கள் தலைக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், கடைசி நேரத்தில் கட்டினால் 10. தீவிலேயே இரவு தங்குகிறவர்களுக்கு அது கிடையாது, விலக்குச் சீட்டை மட்டும் இணையத்தில் பதிந்து வைத்துக்கொண்டால் போதும். காசு மிச்சம் என்றதும் மனம் மாறிவிடுவான்.

என் கவலையெல்லாம் சுந்தரத்தின் முட்டிதான். ஊர் முழுக்க 400-க்கு மேல் பாலங்கள். ஏறக்குறைய எல்லாமே படிக்கட்டு. கைபேசி வரைபடம் 'எட்டு நிமிட நடை' என்று காட்டும், அதில் நாலு பாலம் இருப்பதைச் சொல்லாது. பெட்டிச் சக்கரங்களும் அங்கே உதவாது, தூக்கித்தான் ஆக வேண்டும். அறை பிடிக்கும்போது விலாசத்தை நம்பாதே. கதவு எண்கள் தெரு வாரியாக இல்லை, ஊரின் ஆறு பகுதிகளுக்கும் பகுதி வாரியாக ஆயிரக்கணக்கில் ஓடும். வீட்டுக்காரரிடம் இரண்டே கேள்வி கேள்: பக்கத்தில் எந்தப் படகுத்துறை? அங்கிருந்து வாசல் வரை எத்தனை பாலம்? 'ஒன்றுமில்லை' என்றால் முன்பணம் கொடு. 'ஒன்றிரண்டு சின்னது' என்றால் வேண்டாம்.

வபரெத்தோ என்கிற படகுதான் அங்கே டவுன் பஸ். ஒரு சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25. மூன்று தடவை ஏறினாலே கட்டுப்படியாகிவிடும். ஏறுமுன் கருவியில் சீட்டை ஒற்ற வேண்டும், மறந்தால் அபராதம். பெரிய துறைகளில் ஒரே பெயரில் நாலைந்து மேடைகள் இருக்கும், மேடைக்கு மேடை திசை மாறும். பலகையைப் படிக்காமல் கணேசன் முதலில் ஏறினால் எல்லோரும் அவன் பின்னால் போய்விடுவீர்கள், கும்பகோணத்தில் நடந்த மாதிரி!

சான் மார்க்கோவுக்கு எல்லோரும் சான் சக்கரியா துறையில் இறங்குவார்கள். அங்கிருந்து சதுக்கத்துக்குப் படிகள் உள்ள பாலத்தைத் தாண்ட வேண்டும். சுந்தரத்தை வல்லரெஸ்ஸோ துறையில் இறக்கு. சந்து வழியாகப் பாலமே இல்லாமல் சதுக்கத்துக்கு வந்துவிடலாம். சதுக்கத்திலுள்ள தேவாலய மணிக்கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. 1902-இல் அப்படியே சரிந்து விழுந்து, 1912-இல் பழைய வடிவிலேயே மறுபடி எழுந்த கோபுரம் அது. வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடு. எதிர்த்தீவு சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே கோபுரத்திலும் லிஃப்ட் உண்டு, கூட்டம் குறைவு, அங்கிருந்துதான் சான் மார்க்கோவே தெரியும். பழைய வெனிஸை ஆண்ட டோஜ் என்ற தலைவரின் மாளிகையிலுள்ள ரகசிய அறைகளுக்குத் தனிச் சீட்டு, முன்பதிவு கட்டாயம். 1756-இல் காசனோவா என்ற சாகசக்காரர் தப்பிய சிறை அதில்தான் வருகிறது. ஏணி மாதிரிக் குறுகிய படிகள். நீங்கள் போங்கள், சுந்தரம் கீழே காபி குடிக்கட்டும். ஆனால் சதுக்கத்து மேசையில் மட்டும் உட்கார வேண்டாம், வாத்தியம் வாசித்தால் அதற்கும் பில்லில் சேர்ப்பார்கள்.

சாப்பாட்டில் வெங்கடேசனைக் கண்காணி. ரொட்டித் துண்டில் வெள்ளையாக, பாலாடைக்கட்டி போல ஒன்று வைத்திருப்பார்கள். அது கடைந்த கருவாடு!

ஊர் மூழ்கிவிடுமா என்று உன் மனைவி கேட்டார்களாமே. வெள்ளம் பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். 2019 நவம்பரில் 187 செ.மீ. ஏறியது நிஜம். அடுத்த ஆண்டிலிருந்து கடல் வாய்களில் 78 மதகுகளைத் தூக்கித் தடுக்கிறார்கள். மே மாதத்தில் வருகிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம், செருப்பு நல்லதாக இருந்தால் சரி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2008-இல் திறந்த பாலம் ஒன்று உண்டு, மழையில் கண்ணாடிப் படிகள் வழுக்கிப் பலரை விழவைத்தது; சுந்தரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

பெரிய பெட்டிகளை என் வீட்டில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு தோள்பையோடு கிளம்புங்கள். இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். இரண்டு இரவா, மூன்றா? தேதியோடு உடனே எழுது, பாலமில்லாத அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உன்,
சீனு