12ஆவது இடத்தில் ஒரு ரன்னிங் பேக்: கோவை நண்பனுக்குக் கடிதம்

நோவை, மிச்சிகன்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் பெரிய நிம்மதி. அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். நீ இரண்டே வரியில் முடித்துவிட்டாய். பிசியோதெரபிக்கு யார் வருகிறார்கள், ராத்திரி வலியில்லாமல் தூங்குகிறாரா, எல்லாம் விவரமாக எழுது.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஆன் ஆர்பரில் கல்லூரியில் சேர்கிறாள், சீக்கிரமே கொண்டுபோய் விட வேண்டும். வேலையில்தான் கொஞ்சம் கவலை. கார் தொழிலாளர் சங்கத்தின் ஒப்பந்தம் செப்டம்பர் 14 நள்ளிரவோடு முடிகிறது. ஃபோர்டு, ஜிஎம், ஸ்டெல்லாண்டிஸ் மூன்றிலும் வேலைநிறுத்தம் வரலாம் என்கிறார்கள். வந்தால் எங்களைப் போல உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு ஆர்டர் நின்றுபோகும். ஆனாலும் தொழிலாளிகள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2008-09 நெருக்கடியில் அவர்கள் விட்டுக்கொடுத்தது கொஞ்சமில்லை.

சரி, நம் டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வருகிறேன். இந்த வருட டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், அவர்கள் எடுத்தவர்களைப் பற்றி "12ஆவது இடத்தில் போய் ஒரு ரன்னிங் பேக்கா? 18இல் ஒரு லைன்பேக்கரா? பழைய லயன்ஸ் திரும்பி வந்துவிட்டது" என்று எழுதியிருந்தாய். ஊரை விட்டுப் போன பிறகும் உனக்கு இந்த அணிமேல் இவ்வளவு கோபம் வருகிறதே, அதுவே எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படி. (உன் பையனுக்காக: ரன்னிங் பேக் பந்தைக் கையில் வாங்கி ஓடுகிறவன், லைன்பேக்கர் தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிறவன்.)

முதலில் உன் பையன் கேட்டதற்குப் பதில். டிராஃப்டும் ஐபிஎல் ஏலமும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தான். இல்லை. ஏலத்தில் பணம் பேசும், இங்கே வரிசை பேசும். போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு, இப்படியே 7 சுற்றுகள். அந்த வாய்ப்புக்குத்தான் பிக் என்று பெயர். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்த இடத்தில் எடுக்கப்படுகிறானோ அதை வைத்தே அந்தப் பையனின் முதல் நான்கு வருடச் சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது, பேரம் பேச இடமே இல்லை. அப்புறம், பிக்கை விற்கலாம், மாற்றலாம், வரப்போகிற வருடத்தின் பிக்கைக்கூட இன்றைக்கே கொடுத்துவிடலாம்.

உன் கோபத்துக்கு அடிப்படையும் இந்தச் சம்பள விதிதான், அதை நான் மறுக்கவில்லை. சந்தையில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கும் அவரைத் துரத்தி மடக்கும் பாஸ் ரஷருக்கும் கொட்டிக் கொடுக்கிறார்கள், ரன்னிங் பேக்கைச் சீந்துவாரில்லை. இந்த ஜூலையில் என்ன நடந்தது என்று பார்த்தாயே. சாக்வான் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்ட் மூன்று பேருக்கும் நீண்டகால ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் மட்டும் பிடித்துவைக்கக் கொடுக்கும் டேக் தொகையிலேயே, சுமார் 1 கோடி டாலரிலேயே, நிறுத்திவிட்டார்கள். அப்படியிருக்க, 12ஆவது இடத்தில் ஒரு பாஸ் ரஷரை எடுத்தால் சந்தை விலையில் பல மடங்கு மிச்சம், ரன்னிங் பேக்கை எடுத்தால் மிச்சமே இல்லை. கணக்கு சரிதான்.

ஆனால் அந்தக் கணக்கு அணியைக் கட்ட ஆரம்பிக்கிறவனுக்கு உரியது. பொது மேலாளர் பிராட் ஹோம்ஸும் தலைமைக் கோச் டான் கேம்பலும் 2021இல் வந்தபோது அப்படித்தான் செய்தார்கள். முதல் பிக்கில் பெனெய் சூவல், அடுத்த வருடம் ஐடன் ஹட்சின்சன். தாக்குதல் வரிசைக்கு ஒருவன், தற்காப்பு வரிசைக்கு ஒருவன். இரண்டுமே விலை உயர்ந்த இடங்கள். முதல் வருடம் 3 வெற்றி, 13 தோல்வி, 1 டை. இரண்டாவது வருடம் 1-6 என்று தொடங்கி 9-8இல் முடித்தார்கள். எடுத்த புள்ளிகள் 453, லீகில் ஐந்தாவது இடம். கிட்டே வந்துவிட்ட இப்படி ஓர் அணிக்குச் சந்தையில் எவன் லாபம் என்ற கேள்வியைவிட, செப்டம்பரில் களத்தில் இறங்கி ஆட்டத்தை மாற்றப்போகிறவன் யார் என்ற கேள்விதான் முக்கியம். என் வாதம் இவ்வளவுதான்.

12இல் எடுத்த ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸை இந்தக் கண்ணோடு பார். போன வருடம் ஓடிய இருவரும் இப்போது அணியில் இல்லை. 17 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோவது) ஓடி, பழைய லயன்ஸ் நட்சத்திரம் பேரி சாண்டர்ஸின் கிளப் சாதனையையே முறியடித்த ஜமால் வில்லியம்ஸ் நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டார். ஸ்விஃப்ட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பலமாக முட்டி ஓட சிகாகோவிலிருந்து டேவிட் மான்ட்கோமரி வந்திருக்கிறார். கிப்ஸ் வேறு மாதிரி. அலபாமாவில் போன வருடம் 926 யார்டு ஓடினான், அதோடு 44 பாஸ்களையும் பிடித்தான். 40 யார்டை 4.36 வினாடியில் ஓடுகிறவன். அவனை மான்ட்கோமரியோடு சேர்த்து நிறுத்தினால் எதிரணி கோச் என்ன செய்வார்? கனத்த லைன்பேக்கர்களை இறக்கினால் கிப்ஸ் பாஸ் ஓட்டத்தில் அவர்களைத் தாண்டிவிடுவான். வேகமான சின்ன ஆட்களை இறக்கினால் முன்வரிசையில் சூவலும் ரேக்னோவும் வழி திறந்துவிட மான்ட்கோமரி நேராக மோதி ஓடுவார். தாக்குதலுக்குப் பொறுப்பான கோச் பென் ஜான்சன் மாதிரி திட்டம் போடுகிறவர் கையில் இது பெரிய ஆயுதம். தலைமைக் கோச் வாய்ப்புகள் வந்தும் இங்கேயே இருக்கிறேன் என்று ஜனவரியில் சொன்னவர் அவர். இந்த வருடம் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவே அதுதான் என்பேன்.

இன்னொன்றை நீ கவனிக்கவில்லை. நம் கையில் முதலில் இருந்தது 6ஆவது பிக். அதையும் 81ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 மூன்றையும் வாங்கினார்கள். அந்த 12க்கு ஒரு தனிக் கதை உண்டு. முதலில் அது கிளீவ்லாண்டுடையது. குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சனுக்காக ஹூஸ்டனுக்குப் போனது. அங்கிருந்து டிராஃப்ட் இரவன்றே அரிசோனாவுக்கு, அப்புறம் அதே இரவில் நமக்கு. 34இல் கிடைத்தவன் சாம் லாபோர்ட்டா, ஐயோவா கல்லூரியின் டைட் எண்ட், அதாவது எதிரியைத் தடுக்கவும் பந்து பிடிக்கவும் நிற்கிறவன். போன நவம்பரில் ஹாக்கென்சனை நம் பிரிவிலேயே இருக்கிற மின்னசோட்டாவுக்குக் கொடுத்தபோது நாம் எல்லோரும் பல்லைக் கடித்தோமே, அந்த இடத்துக்கு அதே கல்லூரியிலிருந்து ஆள் வந்துவிட்டான். ஆகவே கிப்ஸின் விலையைத் தனியாகப் பேசாதே. கிப்ஸையும் லாபோர்ட்டாவையும் சேர்த்து ஒரே பேரமாகப் பார்.

இந்த 6ஆவது பிக் எங்கிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது. நம் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட் கேட்டுக்கொண்டபடி 2021இல் அவரை ராம்ஸுக்கு அனுப்பி, அவர்களுடைய பிக்குகளை வாங்கினோம். அவர் போன முதல் வருடமே லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்றார், இந்த ஊரே அவருக்காகக் கைதட்டியது. அடுத்த வருடம் ராம்ஸ் 5-12 என்று விழுந்தது. அவர்கள் தோற்கத் தோற்க நம் பிக் மேலே ஏறியது. மாற்றாக வந்த ஜேரட் காஃபை எல்லோரும் தற்காலிக ஆள் என்றார்கள். அவர் போன வருடம் 29 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து). இதைவிட என்ன கேட்பது? ஆட்டம் குலையும்போது ஓடித் தப்பிக்கிறவர் அவர் இல்லை, உண்மை. ஆனால் முன்னால் இருக்கிற வரிசை தாங்கிப் பிடித்தால் அவர் வீசும் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

18இல் எடுத்த ஜாக் கேம்பல் பற்றி உன்னோடு பாதி ஒத்துப்போகிறேன். கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவன், நல்ல உயரம், ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன். ஆனாலும் அந்த இடத்தில் தற்காப்பின் நடு வரிசைக்கு ஒரு பெரிய உடம்பு வந்திருந்தால் நான் அதிகம் மகிழ்ந்திருப்பேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கரோலைனாவில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். நம்மேல் 320 யார்டு ஓடினார்கள், அது அவர்கள் கிளப் சாதனை. அன்று தோற்காமலிருந்தால் பிளே ஆஃப் நமக்குத்தான். யார்டு கணக்கில் லீகின் 32 அணிகளில் கடைசித் தற்காப்பு நம்முடையது. அப்படி இருந்தும் 6ஆவது இடத்தில் அப்படிப்பட்ட ஆளான ஜேலன் கார்ட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது கீழே இறங்கிப் போனார்கள். அவன் 9இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனான். நடுவில் இன்றைக்கும் அலிம் மெக்நீலைத்தான் நம்பியிருக்கிறோம். மூன்றாம் சுற்றில் எடுத்த பிராட்ரிக் மார்ட்டின் பெரிய உருவம்தான், ஆனால் பக்குவப்பட நாளாகும்.

தற்காப்பின் பின்வரிசையை மட்டும் முழுசாக மாற்றிவிட்டார்கள். பிட்ஸ்பர்கிலிருந்து கேம் சட்டன். போன வருடம் 6 இன்டர்செப்ஷன் எடுத்த கார்ட்னர்-ஜான்சன் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து. 2020இல் மூன்றாவதாக எடுத்த ஒகூடாவை அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள், நல்ல முடிவு. இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தவன் அலபாமாவின் பிரையன் பிராஞ்ச். முதல் சுற்றிலேயே போய்விடுவான் என்று பலர் சொன்ன பையன் நழுவி நழுவி வர, கிரீன் பேயிடம் பேசி 45ஆவது இடத்துக்கு ஏறிப் பிடித்தார்கள். இந்த டிராஃப்டில் முதலில் பேர் வாங்கப்போகிறவன் அவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிடித்தால் விடமாட்டான், பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து நிற்கிறான். ஹோம்ஸுக்குக் கீழ்ச் சுற்றுகளில் கண் நன்றாகவே இருக்கிறது. பந்து பிடிக்கும் செயிண்ட் பிரவுன் நான்காம் சுற்று, ஆறாம் சுற்றில் எடுத்த ஜேம்ஸ் ஹூஸ்டன் 7 ஆட்டத்தில் 8 சாக் (குவார்ட்டர்பேக் பந்தை வீசும் முன் அவரை வீழ்த்துவது). ஆகவே அவர் ஒருவனுக்காக மேலே ஏறினால் நான் நம்புகிறேன்.

68இல் வந்த குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கர் இந்த வருடக் கணக்கில் இல்லை. முழங்கால் தசைநார் கிழிந்து ஆறிக்கொண்டிருக்கிறான், வயதும் 25 ஆகிவிட்டது. வேகமாக ஓடிப் பந்து பிடிக்கும் ஜேம்சன் வில்லியம்ஸுக்கு சூதாட்ட விதியை மீறியதற்கு முதல் 6 ஆட்டங்கள் தடை. இதுதான் எனக்கு வருத்தம். போன வருடமும் காயத்தால் பாதிக்கு மேல் உட்கார்ந்தவன், பிடித்தது ஒரே ஒரு பந்து. இந்த வேகம் களத்தில் இல்லாமல் அக்டோபர் பாதி வரை ஓட்ட வேண்டும். கிப்ஸ் எதற்கு என்று கேட்டாயே, இதற்கும்தான்.

நம் பிரிவில் இருக்கிற மற்ற அணிகளைப் பார். கிரீன் பே பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய்விட்டார். அவர்களுடைய லாம்போ மைதானத்தில் போன ஜனவரி நாம் 20-16 என்று ஜெயித்த அதுதான் அவர் பேக்கர்ஸுக்கு ஆடிய கடைசி ஆட்டம். நமக்கு வாய்ப்பு முடிந்துபோன செய்தி ஆட்டம் தொடங்கும் முன்பே வந்துவிட்டது, இருந்தும் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வந்தார்கள் நம் பையன்கள். இந்த அணியை நான் நம்புவதற்குப் புள்ளிவிவரத்தைவிட அந்த ராத்திரிதான் பெரிய காரணம். மின்னசோட்டா 13-4 என்று பிரிவை வென்றது, ஆனால் எடுத்தது 424 புள்ளி, கொடுத்தது 427. நெருங்கிய ஆட்டங்கள் பதினொன்றையும் ஜெயித்தார்கள், அப்படி இரண்டு வருடம் நடக்காது. கடைசி மூன்று வாரத்தில் அவர்களோடு இரண்டு தடவை ஆட வேண்டும், நடுவில் டல்லாஸ். பிரிவு அங்கேதான் முடிவாகும். சிகாகோ போன வருடத்தைவிட நன்றாக ஆடும், அவ்வளவுதான்.

என் கணக்கு 11-6, பிரிவில் முதலிடம். 1993க்குப் பிறகு நாம் பிரிவை வென்றதே இல்லை. 1957க்குப் பிறகு கோப்பை கிடையாது. பிளே ஆஃபில் கடைசியாக ஜெயித்தது 1992 ஜனவரியில், டல்லாஸை 38-6 என்று. அதற்குப் பிறகு ஒன்பது பிளே ஆஃப் ஆட்டங்களிலும் தோல்வி. நம் மைதானமான ஃபோர்டு ஃபீல்ட் 2002இல் திறந்தது, லயன்ஸ் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட அங்கே ஆடியதில்லை. இந்த ஜனவரியில் நடக்கும் என்று நான் மனதார நம்புகிறேன். இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். சீசன் டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்துவிட்டது. 2008இல் 0-16 பார்த்த ஊர் இது. அலுவலகத்தில், பெட்ரோல் பங்கில், கோவில் கேன்டீனில்கூட இதே பேச்சு. பிளே ஆஃப் வந்தால் உனக்கும் சேர்த்து டிக்கெட் தேடுவேன். ஜனவரிக்கு டிக்கெட் போட முடியுமா என்று இப்போதே வீட்டில் பேசி வை.

முதல் ஆட்டம் செப்டம்பர் 7, சாம்பியன் கான்சஸ் சிட்டியின் மைதானத்தில். உனக்கு வெள்ளிக்கிழமை காலை 5.50. அவர்களுடைய தற்காப்பு நட்சத்திரம் கிறிஸ் ஜோன்ஸ் சம்பளத் தகராறில் இன்னும் முகாமுக்கே வரவில்லை, அது நீடித்தால் நமக்கு நல்ல வாய்ப்பு. தோற்றாலும் அதை வைத்து வருடத்தை எடை போடாதே. பையனையும் எழுப்பி உட்கார வை, 26, 32, 87 மூன்று எண்களைக் கவனிக்கச் சொல். கிப்ஸ், பிராஞ்ச், லாபோர்ட்டா. ஆட்டம் முடிந்ததும் அந்த மூவரைப் பற்றியும் உன் அபிப்பிராயத்தை எழுது. 12ஆவது இடம் வீண் என்று அப்போதும் நினைத்தால் அதையும் எழுது, பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்