லீக்குக்கு ஒரே டீம்: கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள ஊராருக்கும் வடக்குத் தெரு கிளப் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

மூன்று மாதமாக நம் ஊரில் இதே பேச்சுதான்: இரண்டு கால்பந்து கிளப்பையும் ஒன்றாக்குவதா, வேண்டாமா? போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வழியாக முடிவெடுத்துவிட்டோம். கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

முதலில் வடக்குத் தெரு செயலாளர் அண்ணனுக்கு. இருபது வருஷமாகத் திருவிழா ஃபைனலில் முறைத்துக்கொண்டு நின்றவர்கள் நாம், ஆனாலும் முதல் கூட்டத்துக்கு நீங்களே எங்கள் தெருவுக்கு நடந்து வந்தீர்கள். நம் குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில் பந்து உதைக்காத பையன் கிடையாது. ஆனால் ஆழ்கடல் போட்டில் ஏறினால் கரை திரும்ப ஒரு மாதம், சிலசமயம் நாற்பது நாள், மிச்சப் பேர் வளைகுடாவில். செவன்ஸுக்கு எப்படியோ ஏழு பேரைத் தேற்றிவிடுகிறோம், லீக்குக்குப் பதினொரு பேர் வேண்டுமே. போன வருஷம் நாங்கள் ஒன்பது பேரோடு இறங்கி ஐந்து கோல் வாங்கினோம், உங்களால் ஒரு ஆட்டத்துக்கு வரவே முடியவில்லை.

முழு இணைப்பு கேட்டவன் நான். ஒரே பெயர், ஒரே ஜெர்சி, பழையதை மூட்டை கட்டிவிடலாம் என்று சத்தமாகவே பேசினேன். தடுத்தது எங்கள் பழைய கோல்கீப்பர் சித்தப்பா. ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் ஊரில் கலிடோனியன், திசில் என்று இரண்டு எதிரிக் கிளப்கள் இருந்ததையும், ஸ்காட்டிஷ் லீக்கில் இடம் பிடிக்க 1994-ல் இரண்டையும் ஒன்றாக்கியதையும் சொன்னார். ஆட்டத்தில் நல்ல பலன்தான், 2000-ல் பெரிய கிளப்பான செல்டிக்கை அதன் மைதானத்திலேயே 3-1 என்று வீழ்த்தினார்கள், 2015-ல் ஸ்காட்டிஷ் கோப்பையே கிடைத்தது. ஆனால் பழைய ரசிகர்கள் சிலருக்குக் கடைசிவரை அது தங்கள் டீமாகவே ஆகவில்லை. கொல்கத்தாவில் 2020-ல் ஏடிகே, மோகன் பகான் என்ற இரண்டு கிளப்களும் சேர்ந்தபோது, ஏடிகே என்ற மூன்றெழுத்தை எடுக்கச் சொல்லி பகான் ரசிகர்கள் விடாமல் போராடினார்கள், 2023-ல்தான் அது போனது.

அப்புறம் சித்தப்பா சொன்னார்: "ஓக்கிப் புயல்ல போன நம்ம பிள்ளைங்க அந்தப் பேரைத்தான் முதுகுல போட்டிருந்தாங்க." அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சித்தப்பா, உங்களுக்கு என் நன்றி.

அதனால் லீக்குக்கு இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே டீம், திருவிழா செவன்ஸில் பழையபடி எதிரெதிரே. நான் கேட்டதைவிட இதுதான் நமக்குச் சரி என்று இப்போது மனசார நம்புகிறேன்.

ஹாலைத் திறந்துவிட்ட பாதருக்கு நன்றி. பூட்ஸ் வாங்கப் பணம் அனுப்பிய கத்தார் தம்பிகளுக்கு நன்றி. மூன்றாவது கூட்டத்தில் நாங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தபோது உள்ளே வந்து, சின்னப் பையன்கள் தினமும் கடற்கரையில் தெரு பார்க்காமல்தானே ஆடுகிறார்கள் என்று கேட்ட அக்காமார்களே, அன்று நீங்கள் வராவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

கடலில் இருக்கும் ஆறு பேருக்கும் வீட்டார் சொல்லிவிடுங்கள்: பதிவுத் தாள் செயலாளர் அண்ணன் வீட்டில் இருக்கிறது. கரை சேர்ந்ததும் இரண்டு போட்டோவோடு போய்க் கையெழுத்துப் போடவும். பயிற்சி மாலை நாலரைக்கு.