182 என்று கேட்டுப் பதறாதே

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள மகளுக்கு,

வியாழக்கிழமை, பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் ரத்த அழுத்தம் 182/100 என்றதும் நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். அரை மாத்திரை கூடுதலாகக் கொடுக்கச் சொன்னாய். நான் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொல்ல ஃபோனில் நீ என்னை விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்று பார்த்துக்கொள்ள வரும் மாவ்ஷி அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக்கொண்டது. பையில் சொட்டுக்கூட இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. குழாயை நேராக்கியதும் பை நிறைந்தது. அரை மணி கழித்து அளந்தால் 146/84. மாத்திரையையும் கொடுத்திருந்தால் ராத்திரி அழுத்தம் எங்கே போய் விழுந்திருக்கும்?

மலச்சிக்கல், வலி, காய்ச்சல், படுக்கைப்புண் என்று எதற்கும் அழுத்தம் ஏறும். வாய்விட்டுச் சொல்ல முடியாதவளுக்கு ரத்த அழுத்தம் அளக்கும் கருவிதான் வாய். அதனால் எண் கூடினால் முதலில் போர்வையை விலக்கிப் பார்க்கிறேன், மாத்திரை டப்பாவை அல்ல. முதுகு வலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்தியதும் இதனால்தான். அதுவும் அழுத்தத்தை ஏற்றும்.

மூன்றாம் மாடிக்காரர், அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் நிஃபெடிபைன் மருந்தை நாக்குக்கு அடியில் விடச் சொல்கிறார். அந்தக் காலத்து வைத்தியம். அழுத்தம் சடாரென்று விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவளிடம் இந்தப் பரிசோதனை எதற்கு? 180/120-ஐத் தாண்டி, மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ குழப்பமோ சேர்ந்து வந்தால் 108-க்குத்தான் ஃபோன். எண் குறைவாக இருந்தாலும், புதிதாக வாய் கோணினாலோ கை துவண்டாலோ அதே 108.

அளப்பது எப்போதும் செயலுள்ள வலது கையில்; ஐந்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்த பிறகு, கைக்குக் கீழே தலையணை வைத்து, இதய மட்டத்தில். பிசியோதெரபி செய்பவர் உட்காரவைக்கும்போது இன்னொரு முறை. படுக்கையில் 150 இருப்பது உட்கார்ந்ததும் 120-க்கு இறங்கி, கண் சொருகுகிறது. தலைமாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உயர்த்துகிறோம். ஒரு மாத்திரை மெதுவாகக் கரையும் வகை, பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று அதை மாற்றியும் வாங்கியாகிவிட்டது.

சோடியம் குறைந்த உப்பை அனுப்பாதே. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். அம்மாவின் அழுத்த மாத்திரையான டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. இருக்கிற உப்பையே குறைத்து, எலுமிச்சையும் சீரகமும் சேர்க்கிறேன். உன் அம்மா முதல் கரண்டியிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மார்க்கெட்டில் மாவடு வந்திருக்கிறது. அவள் கண்ணில் படாமல் நான் மட்டும் சமையலறையில் சாப்பிடுகிறேன், சொல்லிவிடாதே.

இன்னொன்று. காலை ஏழு மணிக்குக் கூப்பிடாதே, அது அளக்கும் நேரம். உன் குரல் கேட்டதும் அவள் அழுகிறாள், எண் ஏறுகிறது, அதைக் கேட்டு நீ அழுகிறாய். எட்டரைக்குக் கூப்பிடு. கஞ்சி குடித்து முடித்திருப்பாள், ஃபோனை அவள் காதில் வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா