இலவம்பஞ்சுத் தலையணையைப் பேணும் முறை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடையில் இலவம்பஞ்சுத் தலையணை வாங்கிச் செல்பவர்களில் பலர் சில மாதங்கள் கழித்து ஒரே கேள்வியோடு தொலைபேசியில் அழைக்கிறார்கள்: இதைத் துவைக்கலாமா? துவைக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஏன் கூடாது, துவைக்காமல் எப்படித் தூய்மையாக வைத்துக்கொள்வது என்பதும் தெரிந்திருந்தால்தான் அந்த ஒரு வரி வீட்டில் பயன்படும் என்பதால், இம்மடலைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நாங்கள் அடைப்பது போடி, கடமலைக்குண்டு, வருசநாடு பகுதிகளில் விளையும் இலவங்காய்களை உடைத்து, ஓடும் கொட்டையும் நீக்கி எடுத்த பஞ்சு. இதன் ஒவ்வொரு நாரும் உள்ளே வெற்றிடமுள்ள நுண்ணிய குழல். அதன் பருமனில் ஏறத்தாழ 80 விழுக்காடு காற்றுதான். நாரின் மேல் இயற்கையாகவே மெழுகு படிந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல் பயணிகளுக்கான உயிர்காப்பு மேலுடைகளில் இந்தப் பஞ்சை அடைத்தது இவ்விரு குணங்களுக்காகத்தான். தலையணை மெத்தென்று இருப்பதற்கும் அதே காற்றுதான் காரணம்.

சோப்புக் கரைசலில் ஊறவைத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மெழுகு தடுத்து வைத்திருந்த தண்ணீர் சோப்பின் துணையால் குழலுக்குள் புகுந்துவிடும். இலவ நார் வழுவழுப்பானது, எளிதில் முறியக்கூடியது. தனியாக நூலாக நூற்பதற்கே ஒத்துவராதது. அதைச் சலவை இயந்திரத்தில் போட்டுச் சுழற்றினால் நார்கள் முறிந்து, ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிடும். அப்படித் துவைத்த தலையணை ஒன்று அண்மையில் எங்களிடம் வந்தது. மேலே தொட்டுப் பார்த்தால் நன்றாகக் காய்ந்திருந்தது. தையலைப் பிரித்தபோது நடுவில் எலுமிச்சம்பழ அளவில் கட்டிகள் கிடந்தன. ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே இன்னும் ஈரம். துணியின் உட்புறத்தில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்தப் பஞ்சு முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

தண்ணீரை இவ்வளவு தூரம் விலக்கும் இந்தப் பஞ்சு எண்ணெயை மட்டும் விரும்பி உறிஞ்சும். கடலில் கொட்டிய எண்ணெயை எடுப்பதற்கு ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு எண்ணெயை இது பிடித்துவைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் தலையணையைக் கெடுப்பது பெரும்பாலும் அழுக்கைவிடத் தலைக்கு வைக்கும் எண்ணெய்தான் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். மேலுறையில் ஊறிய எண்ணெய் உள்துணிக்கும், அங்கிருந்து பஞ்சுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அந்த வாடையை வெயிலும் போக்காது, வாசனைத் தெளிப்பான்களும் போக்கா. ஆகவே பஞ்சைச் சுத்தம் செய்வது எப்படி என்று யோசிப்பதைவிட, பஞ்சு வரை எண்ணெய் போகாமல் பார்த்துக்கொள்வதே செய்ய வேண்டிய வேலை.

அதற்கு இரண்டு உறைகள் வேண்டும். பஞ்சு அடைத்துத் தைத்த துணியின் மேல், நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் ஜிப் வைத்த உள்ளுறை ஒன்று. அதற்கு மேல் வழக்கமான தலையணை உறை. மேலுறையை வாரம் ஒருமுறையும், உள்ளுறையை மாதம் ஒருமுறையும் கழற்றித் துவைத்தால் போதும். துணி தாங்குமானால் 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் துவைப்பது நல்லது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில் இறந்துவிடும். தும்மலும் இளைப்பும் உள்ளவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். எண்ணெய் பிடித்த இடத்தை நனைப்பதற்கு முன்பே, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பை அதன் மேல் நேரடியாகத் தடவி அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு சுடுநீரில் அலசினால் கறை பெரும்பாலும் விட்டுவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தலையணை மேல் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். தலை துவட்டாமல் வந்து படுக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருந்தால் அதை அன்பாகத் திருத்துங்கள்.

மாதம் ஒரு நாள் தலையணையை வெயிலில் வையுங்கள். பனி உலர்ந்த பிறகு, காலை 9 மணிக்கு மேல், உறைகள் இரண்டையும் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கட்டிலிலோ இரண்டு நாற்காலிகளின் மேலோ அடியில் காற்றுப் போகும்படி வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். மொட்டைமாடித் தரையில் நேரடியாகப் போட்டால் அடிப்பக்கம் காற்றாடாது. மூன்று நான்கு மணி நேரம் போதுமானது. எடுத்தவுடன் தடியால் அடித்துத் தூசி போக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்த அடியில் முறியும் நார்தான் பின்னர் பொடியாகித் துணி வழியே வெளிவந்து மூக்கை உறுத்துகிறது. இரண்டு முனைகளைப் பிடித்து நன்றாக உதறி, உள்ளங்கையால் தட்டிப் பஞ்சைப் பரப்பிவிட்டாலே போதும். சூடு ஆறிய பிறகு உறையை மாட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலுக்கு வழியில்லாதபோது மின்விசிறிக்குக் கீழே நிறுத்திவைக்கலாம். ஈரச் சுவரை ஒட்டி அடுக்கி வைப்பதையும், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். விருந்தினருக்கென்று எடுத்துவைக்கும் தலையணைகளுக்குப் பழைய பருத்தி வேட்டியே சிறந்த உறை. நாப்தலின் உருண்டைகளை உள்ளே போடாதீர்கள். அவற்றின் ஆவி சில பச்சிளங்குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறோம்: ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம், விற்பவர்களாகிய நாங்களே இதைச் சொல்கிறோம்.

தண்ணீரோ பாலோ கொட்டிவிட்டால், குழந்தை நனைத்துவிட்டால், பதற வேண்டாம். மெழுகின் தயவால் ஈரம் உடனே ஆழமாக இறங்காது. உறைகளை உடனே கழற்றி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உள்ளே இறங்கிவிட்டது என்று தெரிந்தால் ஓரத் தையலை ஒரு சாண் அளவுக்குப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் கையால் எடுத்துவிட்டுப் பிரித்த இடத்தைத் திறந்தபடியே வெயிலில் காயவிட்டுப் பிறகு தைத்துக்கொள்ளலாம். அப்போது மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வது நல்லது.

இலவம்பஞ்சு மிக விரைவில் தீப்பற்றும். கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அருகில் வைக்காதீர்கள். தலையணையின் மேல் வைத்தே உறைக்கு இஸ்திரி போடாதீர்கள்.

எங்களிடமே வாங்கியிருந்தாலும் எல்லாத் தலையணைகளுக்கும் இந்த விதிகள் பொருந்தா. பாலியஸ்டர் நார் அடைத்தவற்றைத் துணிச் சீட்டில் குறிப்பிட்டிருக்கும் முறைப்படி துவைக்கலாம். ஆனால் முழுவதும் காயவிட வேண்டும். ரப்பர் நுரைத் தலையணையை வெயிலில் வைத்தால் அது நொறுங்கத் தொடங்கும். நிழல் காற்றே அதற்குப் போதும்.

எவ்வளவு பேணினாலும் இலவம்பஞ்சு நாள்பட அமுங்கத்தான் செய்யும். தலையணையை இரண்டாக மடித்துக் கையை எடுத்துப் பாருங்கள். தானே விரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, மடிந்தபடியே கிடந்தால் பஞ்சு தளர்ந்துவிட்டது என்று பொருள். அதற்காகப் புதிய தலையணை வாங்க வேண்டியதில்லை. கடைக்குக் கொண்டுவந்தால் உங்கள் முன்னிலையிலேயே பிரித்து, பொடியைச் சலித்து நீக்கி, நல்ல பஞ்சை வைத்துக்கொண்டு குறைவதற்கு மட்டும் புதுப்பஞ்சு எடைபோட்டு அடைத்துத் தருகிறோம். சிக்கு வாடை ஏறிய பஞ்சை மட்டும் திரும்ப அடைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் புதுக்காய்ப் பஞ்சு வரத்து இருக்கும் என்பதால் அந்த மாதங்களில் வருவது நல்லது. மழை நாளில் கொண்டுவர வேண்டாம். ஈரக்காற்றில் பிரித்த பஞ்சை நாங்கள் அடைப்பதில்லை.

இப்படிக்கு,
இலவம்பஞ்சு மெத்தை, தலையணைக் கடையினர்,
போடிநாயக்கனூர்