நம் கிளை நூலகப் பயிலரங்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் நம் கிளை நூலகத்தில் நடந்த தொழில்நுட்பப் பயிலரங்கு நல்லபடியாக நிறைவடைந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் பிளஸ் டூ முடித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து மின்சுற்று கட்டினார்கள், ஈயம் பற்றவைத்தார்கள், மைக்ரோபிட் என்னும் குட்டிக் கணினிப் பலகைக்கு நிரல் எழுதினார்கள். நிறைவு நாளில் மைக் பிடித்து நன்றி சொல்ல நேரம் போதவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. யார் யாரைச் சொல்கிறேன் என்பது ஊருக்கே தெரியும்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதி, அனுமதி கைக்கு வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அவர்தான். அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி மேசை போட இடம் பண்ணியதும் அவர்தான். வார விடுமுறை நாளிலும் சாவியோடு வந்து நின்றார். இதெல்லாம் எல்லோரும் பார்த்தது. பலர் பார்க்காத ஒன்று உண்டு. பயிலரங்கு தொடங்குமுன் அவர் தெருத்தெருவாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். பெண் பிள்ளையைத் தனியாக எங்கேயும் அனுப்பாத வீடுகளில்கூட, "லைப்ரரிக்குத்தானே, போயிட்டு வரட்டும்" என்றார்கள். இதையே கட்டணம் வாங்கி ஒரு மண்டபத்தில் நடத்தியிருந்தால் அந்தப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். காசு கேட்காத, மார்க் கேட்காத, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத இடம் நம் ஊரில் நூலகம் ஒன்றுதான்.

மைக்ரோபிட் பலகைகளை வாங்கி அனுப்பிய, சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அடுத்த நன்றி. பிரிட்டனில் ஏழாம் ஆண்டு வகுப்பு மாணவர்களுக்கு 2016-இல் பிபிசி இலவசமாகக் கொடுத்த பலகை இது. 5 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவுதான். இரண்டு பொத்தான், ஐந்துக்கு ஐந்து வரிசையில் 25 சிவப்பு எல்.இ.டி. கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி காட்டும், நிரலை அதில் போட்டால் போதும். நூலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களே அதற்குத் தாங்கின.

அந்த 25 விளக்கை வைத்துப் பிள்ளைகள் செய்ததை அனுப்பியவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பெண் 'அ' எழுத உட்கார்ந்தாள். என்ன செய்தும் அந்தக் கட்டத்துக்குள் 'அ' அடங்கவில்லை. சொல்லிக்கொடுக்க வந்த பாலிடெக்னிக் தம்பிகள், "எந்த எழுத்து அடங்கும்னு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற பிள்ளைகளும் அவளைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். 'ப', 'ட' இரண்டும் அச்சாகப் பொருந்தின. 'ம'வும் உட்கார்ந்தது. புள்ளி வைத்த எழுத்தில்தான் சிக்கல். புள்ளிக்கே மேல்வரிசை போய்விடும், அதற்குக் கீழே ஒரு வரிசை காலியாக விட வேண்டும், மிச்சம் மூன்றே வரிசையில் எழுத்து நிற்க வேண்டும். அழித்து அழித்துப் போட்டுப் பார்த்து 'ட்', 'ம்' இரண்டையும் அதற்குள் நிற்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ப, ட், ட, ம் என்று ஒவ்வொன்றாக எரிய, 'பட்டம்' என்று எல்லோரும் சேர்ந்து கத்தியது தெருமுனை வரை கேட்டது. விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் நிற்பது, சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். தம்பிகளே, அந்தப் பொறுமைக்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

வடக்குத் தெரு விவசாயி அண்ணனுக்கு நன்றி. தன் வயலில் வெவ்வேறு இடத்து மண்ணை மூன்று சட்டியில் அள்ளி வந்தார். பிள்ளைகள் ஒவ்வொரு சட்டியிலும் இரண்டு இரும்பு ஆணியை ஊன்றி, ஒன்றுக்கு மூன்று வோல்ட் கொடுத்து, இன்னொன்றைப் பலகையின் இணைப்பு முனையோடு (pin) இணைத்தார்கள். மண் காய்ந்திருந்தால் மின்சாரம் கடப்பது குறைவு, ஈரமானால் கூடும். பூஜ்யத்திலிருந்து 1023 வரையிலான எண்ணாகப் பலகை அதைக் காட்டும். தண்ணீர் ஊற்ற ஊற்ற எண் ஏறியது. "இதை நான் விரலை விட்டே சொல்லிடுவேன்" என்றார் அண்ணன். பிறகு அவரே, "ராத்திரி மோட்டார் ஓடுறப்ப எந்திரிச்சுப் போய் விரலை விட முடியாதேப்பா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓயாமல் மின்சாரம் பாய்ந்ததில் பாசிட்டிவ் பக்கத்து ஆணி சீக்கிரமே அரித்துப்போனதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அளக்கும் நொடிக்கு மட்டும் மின்சாரம் விடும்படி பிள்ளைகள் நிரலை மாற்றினார்கள். அவர் கேட்ட கேள்விகளால்தான் அது விளையாட்டுச் சாமானாக நின்றுவிடாமல் வயலுக்குப் போகக்கூடிய ஒன்றாக ஆனது.

மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். "ஈயத்தைச் சூடாக்காதே, கம்பியைச் சூடாக்கு. ஈயம் தானா ஓடி வந்து உட்காரும்" என்று அவர் சொன்ன ஒரு வரியில் பிள்ளைகளுக்குக் கை வந்துவிட்டது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் சுண்டலைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாக நின்றவரும் அவரே. நாள் தவறாமல் சுண்டல் கொடுத்தனுப்பிய டீக்கடைக் குடும்பத்துக்கும், மின்வெட்டு வந்தபோது தங்கள் இன்வர்ட்டரிலிருந்து லைன் இழுத்துக் கொடுத்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் எங்களுக்காக நாற்காலிகளை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார்கள். பஸ்ஸர் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா. பஸ்ஸர் சத்தம் கேட்டு உள்ளே வந்தவர், ஒரு பையன் கட்டியிருந்த சுற்றின் பொத்தானை வாங்கி அமுக்கினார். மூன்று குறில், மூன்று நெடில், மறுபடி மூன்று குறில். ஆபத்தில் இருப்பவர்கள் அனுப்பும் அழைப்பு இது என்று சொல்லிக்கொடுத்தார். தந்திச் சேவையை அரசு நிறுத்தியது 2013 ஜூலையில். அப்போது விவரம் தெரியாத, பிறந்தே இராத பிள்ளைகள், இப்போது ஐயாவைச் சுற்றி உட்கார்ந்து மோர்ஸ் என்னும் தந்திச் சங்கேத எழுத்துகளை மனப்பாடம் செய்கிறார்கள். ஐயா, நீங்கள் தொடர்ந்து வர வேண்டும் என்பது பிள்ளைகளின் வேண்டுகோள்.

"நூலகத்துல புத்தகம் படிக்காம இதென்ன வேலை?" என்று நேரிலேயே கேட்டவர்களுக்கும் நன்றி, அது நியாயமான கேள்வி. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018-இல் திறந்த 'ஓடி' மைய நூலகத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரமும் தையல் இயந்திரமும் வாசகர்கள் கையில் இருக்கின்றன. நம் நூலகத்திலும் ஈயம் பற்றவைத்த பிள்ளைகள்தான் அறிவியல் அலமாரியில் மின்சாரம் பற்றிய புத்தகங்களைத் தேடி எடுத்துப் போகிறார்கள். நூலகர் அம்மாவின் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.

வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி அந்த வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்குப் போகிறது. பிள்ளைகள் உட்கார்ந்த மேசை, தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி எல்லாம் உங்கள் காசு.

பலகைகளும் கருவிகளும் உள்ள பெட்டி நூலகத்திலேயே இருக்கும். அடுத்த பயிலரங்கு காலாண்டு விடுமுறையில். வீட்டில் சும்மா கிடக்கும் செல்போன் சார்ஜர், எரியாத எமர்ஜென்சி விளக்கு, ஓடாத பொம்மைக் கார் இருந்தால் நூலகர் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். தையல் தெரிந்த அக்காக்கள் யாராவது வந்தால் துணியில் விளக்கு வைத்துத் தைக்கவும் இந்த முறை தொடங்கலாம் என்றிருக்கிறோம்.

நன்றியுடன்,
பயிலரங்குக் குழுவின் சார்பில்
உங்கள் ஊர்க்காரன்